நடுவழியில் கொதித்த யந்திரம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, “இவ்வருஷம் ஊருக்கு எப்படிப் போவது?” என்பதுதான். ரயிலில் இடம் வேண்டுமானால் பல வாரங்களுக்கு முன்னரே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பேருந்துக் கட்டணமோ விடுமுறை நாட்களில் கைக்கு எட்டாமல் ஏறிவிடுகிறது. ஆகவே, நம் இளைஞர்களில் சிலர் மோட்டார் சைக்கிளிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அது சரியா, தவறா என்று வாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. போகிறவர் போகத்தான் செய்வார். ஆனால், போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதே அது. அதை நான் புத்தகத்தில் படித்து அறிந்ததைக் காட்டிலும் சித்ரதுர்க்கத்துச் சாலையில் நின்று அறிந்ததே அதிகம்.

புறப்பாடு

2024ஆம் ஆண்டு மே மாதம், நாமக்கல்லுக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் என் தந்தையாரின் தலைத் திவசம் நடைபெறவிருந்தது. நான் மூத்த மகன், உத்தியோகம் புணேயில். விடுப்பு உறுதியாவதற்குள் ரயிலில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. என் தமக்கையின் மகன், புணேயில் என்னுடனேயே தங்கி வேலை பார்ப்பவன், “மாமா, வண்டியிலேயே போய்விடுவோம். இரண்டு பகல், ஓர் அதிகாலை, அவ்வளவுதான். தாத்தாவின் காரியத்துக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்றான். பேருந்தில் போகலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால், உள்ளூற எனக்கும் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன்?

முதல் நாள் புணேயிலிருந்து ஹூப்ளி, இரண்டாம் நாள் ஹூப்ளியிலிருந்து கிருஷ்ணகிரி, மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி நாமக்கல். கணக்கு காகிதத்தில் அழகாகவே இருந்தது. நின்று இளைப்பாறவோ பழுது பார்க்கவோ அதில் ஒரு மணி நேரங்கூட ஒதுக்கப்படவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வண்டி, 350 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் யந்திரம். வார்ப்பிரும்புச் சிலிண்டரும் கார்புரேட்டரும் உடைய பழைய வகை. 18 ஆண்டுகள் எங்களுக்கு உழைத்தது. அதன்மேல் நாங்கள் இருவர். பின்னால் இருபுறமும் இரண்டு பைகள். அவை போதாவென்று, முன்னால் கால்களைக் காக்கும் இரும்பு வளைவில் தார்ப்பாயில் சுற்றிய ஒரு மூட்டை. பாரம் அதிகம் என்பதால் பின் பிரேக்கை முந்தின நாள் மாலை மருமகன் சற்று இறுக்கி வைத்தான். எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்தவைதாம்.

முதல் நாள் குறையொன்றுமின்றிக் கழிந்தது. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு ஹூப்ளியை விட்டு, ஒன்பது மணிக்கு தாவணகெரேயை அடைந்தோம். அவ்வூரின் வெண்ணெய்த் தோசை கர்நாடகம் முழுவதும் பெயர் பெற்றது. அதைச் சாப்பிடாமல் வரக்கூடாது என்று இறங்கினோம். கடை வாசலில் வண்டி நின்றபடி இயங்கும்போது, முடுக்காமலே வேகமாக உறுமிற்று, பிறகு தணிந்தது, மறுபடி உறுமிற்று. “வெயிலில் ஏதோ இளகியிருக்கிறது, மாமா” என்று சொல்லி, மருமகன் கார்புரேட்டரின் திருகைச் சிறிது தளர்த்தி உறுமலை அடக்கினான். யந்திரம் அப்போதே எங்களிடம் முறையிட்டிருக்கிறது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போனோம்.

புளிய மரத்தடியில்

தாவணகெரேயிலிருந்து இருபது கிலோமீட்டர் வந்திருப்போம். மணி பத்தரை. சாலை மெல்ல மேடேறுகிற இடம். வழக்கமாக அனாயாசமாக ஏறும் வண்டி மூச்சுத் திணறிற்று. கைப்பிடியை முறுக்கினால் வேகம் கூடவில்லை. அதற்குப் பதிலாகச் சிலிண்டருக்குள்ளிருந்து யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதைப் போலக் ‘கிண் கிண்’ என்ற ஒலி எழுந்தது. முழங்காலில் அனல் அடித்தது. எண்ணெய் கருகும் வாடை வந்தது.

சாலையோரப் புளிய மரத்தடியில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். சாவி திரும்பியும் யந்திரம் நிற்கவில்லை. மூன்று நான்கு முறை தானாகவே துடித்து, பிறகே அடங்கிற்று. தீப்பொறி நின்ற பின்னும் உள்ளே கங்குபோல் கனன்றிருந்த கரி, பெட்ரோலைப் பற்றவைத்திருக்கிறது. அவ்வளவு சூடு!

மருமகன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கும் வார்ப்பிரும்பின் மீது குளிர்ந்த நீரைக் கொட்டினால், நீர் பட்ட பாகம் சட்டென்று சுருங்கும். படாத பாகம் விரிந்தபடியே இருக்கும். அந்த இழுபறியில் உலோகம் வெடிக்கலாம், கோணலாம். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் எந்தத் தாயாராவது தண்ணீர் ஊற்றுவாரா? அதே நியாயந்தான் இதற்கும். தண்ணீரை நாங்கள் குடித்தோம். வண்டியைக் காற்றுக்கு விட்டோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

காத்திருக்கும் நேரத்தில் மருமகன் கேட்டான்: “யந்திரம் என்றால் சூடாகத்தானே செய்யும்? எது வரைக்கும் சூடாகலாம்?”

நல்ல கேள்வி. பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய முக்கால் பங்கும் வெறும் உஷ்ணமே. ஒரு கணக்குச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் செல்லும் வண்டி 6 கிலோவாட் அளவுக்கு வேலை செய்கிறதென்றால், பெட்ரோல் தருவது 24 கிலோவாட். மிச்சமுள்ள 18 கிலோவாட்டும் வெளியேறியாக வேண்டும். ஒரு கிலோவாட் மின்சார அடுப்புகள் பதினெட்டை ஒரே சமயத்தில் எரியவிட்டு, அவற்றைத் தொடைகளுக்கிடையே வைத்துக்கொண்டு போவதாக எண்ணிப் பாருங்கள்! இந்த உஷ்ணத்தில் ஒரு பெரும் பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மற்றது சிலிண்டரின் சுவர் வழியாகவும் எண்ணெய் வழியாகவுமே போக வேண்டும். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் அமைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. காற்றுப் படும் பரப்பைப் பன்மடங்காக்கி, உஷ்ணத்தை அதனிடம் ஒப்படைப்பதற்காக அமைந்தவை.

எரியும் வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரியையும் தொடும். பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், தான் பெறும் உஷ்ணத்தைக் கணந்தோறும் சிலிண்டருக்கும் எண்ணெய்க்கும் கைமாற்றிக்கொண்டே இருப்பதுதான். அந்தக் கைமாற்றம் தடைப்பட்டால் முதலில் நேர்வது உருகுதல் அன்று, பிடித்துக்கொள்ளுதல். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.16 மில்லிமீட்டர் விரிகிறது. இரும்புச் சிலிண்டர் அதில் பாதியே விரிகிறது. இரண்டுக்கும் இடையே விடப்பட்டுள்ள இடைவெளியோ மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குகள்தாம். இடைவெளி மறைந்ததும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடும் வண்டியில் அது நேர்ந்தால் பின் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டதைப் போல நின்றுவிடும். பின்னால் சரக்கு லாரி வருகிற நெடுஞ்சாலையில் அதன் விளைவு என்ன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவ்வாறு நேரும்போது உயிர் காப்பது ஒன்றே ஒன்று: இடக்கை விரல்கள் உடனே கிளட்சை அழுத்துவது.

மூன்று குற்றங்கள்

நாற்பது நிமிஷம் கழித்து, விரல் நுனியால் ஒரு துளி நீரைத் தகட்டின்மேல் தெறித்துப் பார்த்தேன். ‘சுர்’ரென்ற ஓசை எழவில்லை. சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். பிறகே சோதனையைத் தொடங்கினோம்.

முதற்குற்றம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. முன்னால் கட்டிய மூட்டை, சிலிண்டருக்கு வரவேண்டிய காற்றை மறித்துக்கொண்டிருந்தது. காற்றினால் குளிரும் யந்திரத்துக்குக் காற்றை மறிப்பது, மனிதனின் மூக்கைப் பொத்துவதற்குச் சமம். மூட்டையை அவிழ்த்து மருமகன் முதுகில் ஏற்றினோம்.

இரண்டாவது, எண்ணெய். அளவுகோலை எடுத்துத் துடைத்து மறுபடி நுழைத்துப் பார்த்தால், எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பழைய யந்திரம் சிறிது எண்ணெயைக் குடிக்கும். வேகமாக நெடுந்தூரம் ஓடினால் இன்னும் அதிகம் குடிக்கும். புணேயில் பார்த்ததோடு சரி; ஹூப்ளியில் மறுபடி பார்க்கவில்லை. கைவசமிருந்த புட்டியிலிருந்து மேற்கோட்டு வரை ஊற்றினோம்.

மூன்றாவது, பின் பிரேக். வண்டியை நிறுத்தித் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால், அரைச் சுற்றோடு நின்றது. இருவர் அமர்ந்து பின்புறம் தாழ்ந்ததும், முந்தின நாள் இறுக்கிய பிரேக் மேலும் இறுகி, வழியெல்லாம் சக்கரத்தை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. யந்திரம் எங்களை மட்டுமல்ல, பிரேக்கையும் சேர்த்து இழுத்திருக்கிறது. திருகைத் தளர்த்தினோம். செயினையும் பார்த்தோம், நடுவில் 25, 30 மில்லிமீட்டர் தொய்வு இருந்தது, அதில் குறையில்லை.

மூன்று குற்றங்களைக் கண்டுபிடித்து மூன்றையும் நிவர்த்தி செய்த பெருமிதத்தில் புறப்பட்டோம். அங்கேதான் என் பெரிய பிழை. காரணம் கிடைத்துவிட்டது என்பதற்கும், காரணங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன என்பதற்கும் வெகு தூரம். பழுது நீங்கியதா என்று அறிய, ஐந்து கிலோமீட்டர் மெதுவாகப் போய் நின்று பார்த்திருக்க வேண்டும். நான்காவது சோதனையாகப் பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும். அதற்கான சாவி பையின் அடியில், வேட்டி துண்டுகளுக்கும் கீழே கிடந்தது. அதை எடுக்கச் சோம்பினோம்.

பதினைந்து கிலோமீட்டர் கடந்து பரமசாகர என்னும் ஊரை நெருங்கும்போது, அதே ‘கிண் கிண்’ ஒலி மீண்டும் கேட்டது.

“இன்னும் இருபத்தைந்தே கிலோமீட்டர், மாமா”

மருமகன் முகம் வாடிவிட்டது. “சித்ரதுர்க்கம் இன்னும் இருபத்தைந்தே கிலோமீட்டர், மாமா. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இங்கே நின்றால் தாத்தாவின் காரியம் என்ன ஆவது?” என்றான். எனக்கும் அதே கவலைதான். மூத்த மகன் வந்து எள்ளும் நீரும் இறைக்கவேண்டிய நாளில், அவன் கன்னட நாட்டுச் சாலையோரத்தில் நின்றான் என்று இருக்கலாமா? ஆயினும், காரணம் தெரியாத சூட்டோடு ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போன்றது. சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் ஒருவரை விசாரித்தோம். அவர் ஏற்பாடு செய்த சிறு சரக்கு வண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கயிற்றால் கட்டிச் சித்ரதுர்க்கம் போய்ச் சேர்ந்தோம். வாடகை கொடுக்கும்போது மனம் கசந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குன்றுகளின் உச்சியில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்து மருமகன், “அவற்றுக்கு மட்டும் வேண்டிய காற்று கிடைக்கிறது” என்றான். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பட்டறைப் பெரியவர்

ஏழு சுற்றுக் கோட்டைக்குப் பெயர் பெற்ற அவ்வூரில், கடைத்தெருவின் ஓரத்தில் ஒரு பட்டறை. அதை நடத்துபவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். எனக்குக் கன்னடம் சொற்பம்; அவருக்குத் தமிழ் தெரியாது. நான் “எண்ணெய்” என்றேன். அவர் “எண்ணெ” என்றார். அந்த ஒரு சொல் எங்கள் பேச்சைத் தொடங்கி வைத்தது. மற்றவற்றை இந்தியும் சைகையும் பார்த்துக்கொண்டன.

அவர் எதையும் கழற்றுமுன் ஒரு கேள்விதான் கேட்டார்: “நிற்கும்போது தானாக உறுமியதா?” தாவணகெரேயில் நடந்ததைச் சொன்னோம். அவர் தலையை அசைத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றினார். நன்றாக எரியும் யந்திரத்தின் பிளக், நுனியில் இளம் பழுப்பாக இருக்கவேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எங்கள் பிளக்கோ எலும்பைப்போல் வெளுத்திருந்தது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அப்படிப்பட்ட கலவை எரிந்தால் பெட்ரோல் மிச்சமாகுமே என்று சிலர் நினைக்கலாம். மிச்சமாவது பெட்ரோல், எரிவது யந்திரம்.

பிறகு, ஆறியிருந்த யந்திரத்தை இயக்கி, கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழலின்மேல் சில துளி நீரை விட்டார். உறுமல் சட்டென்று மாறிற்று. குழலின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வெடிப்பு. அதன் வழியே, அளவில் சேராத காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துகொண்டிருந்தது. நீர் அதைக் கணநேரம் அடைத்ததால்தான் ஒலி மாறியது. எண்ணெயும் பிரேக்கும் மூட்டையும் நோயை முற்றச் செய்தவை. மூலநோய் இதுவே.

“நாடாவைச் சுற்றிக்கொண்டு போய்விடலாமா?” என்று மருமகன் கேட்டான். பெரியவர் பதில் சொல்லாமல், பிளக்கை வெயிலில் திருப்பி அவன் கண்ணருகே பிடித்தார். வெளுத்த பீங்கானின் மேல் ஊசி முனையளவில் சில புள்ளிகள் மின்னின. மினுமினுக்கும் சாம்பல் நிறம். “அலுமினியம்” என்றார். பிஸ்டனின் தலையிலிருந்து பெயர்ந்து வந்த துணுக்குகள்! பிஸ்டன் உருகத் தொடங்கிய வேளையில் நாங்கள் நின்றிருக்கிறோம்.

மருமகன் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாட்களாக அந்த யந்திரத்தின் மேல் உட்கார்ந்து வந்தவன் அவனல்லவா?

புதிய ரப்பர்க் குழல் அவ்வூரில் அன்று கிடைக்கவில்லை; வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். சிலிண்டரையும் திறந்து பார்த்தாக வேண்டும். வண்டியை அவரிடமே ஒப்படைத்து, பதிவுச் சான்றின் நகலும் என் கைபேசி எண்ணும் கொடுத்து, அவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். நான்கு மணிக்குப் பெங்களூருக்குப் பேருந்து. அங்கிருந்து இரவோடு இரவாகச் சேலம், சேலத்திலிருந்து நாமக்கல். பொழுது புலருமுன் வீட்டு வாசலில் நின்றோம். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் எட்டு மணிக்குத்தான் வந்திருப்போம் என்று பிறகு கணக்குப் பார்த்தபோது, எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் அன்னையார், “வண்டி எங்கேப்பா?” என்று கேட்டார்.

“சித்ரதுர்க்கத்தில் விட்டுவிட்டு வந்தோம், அம்மா. கொதித்துப் போய்விட்டது.”

“அது அங்கேயே ஆறட்டும். நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட்டீர்களே, அது போதும்” என்று சொல்லிவிட்டு, உள்ளே சென்று காபிக்கு அடுப்பை மூட்டினார்.

ஆறு நாட்களுக்குப் பின் திரும்பும் வழியில் வண்டியைப் பெற்றுக்கொண்டோம். பிஸ்டனின் தலையில் ஓரிடம் அரித்திருந்தது, புதிதாக மாற்றியிருந்தார். அந்தப் பழைய பிஸ்டன் இப்போது மருமகனின் மேஜைமேல், காகிதங்கள் பறக்காமல் வைக்கும் பாரமாக இருக்கிறது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

இனி, நெடும்பயணம் போகும் வாசகர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

எண்ணெயைப் புறப்படுமுன் மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் உடன் இருக்கட்டும். சிலிண்டர்த் தகடுகளுக்கிடையே சேறு அடைந்திருந்தால் கழுவிவிடுங்கள். முன்புறம் எதையும் கட்டாதீர்கள். பாரம் ஏற்றி, இருவரும் அமர்ந்த பின் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று சோதியுங்கள். பிளக் கழற்றும் சாவியைப் பையின் மேற்புறத்தில் வையுங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால், ரப்பர்க் குழலை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு முதல், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எங்கும் பரவியது. எத்தனாலில் பிராணவாயு கலந்திருப்பதால், பழைய கார்புரேட்டர்களில் கலவை சற்று மெலிகிறது. பழைய ரப்பர் உறுப்புகளும் அதனால் நலியக்கூடும். பழைய வண்டி வைத்திருப்போர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஓட்டும் முறையும் முக்கியம். மேட்டில் உயர்ந்த கியரிலேயே இழுக்கவிட்டு யந்திரத்தைத் திணறடிப்பது சூட்டை வளர்க்கும். ஒரு கியர் இறக்கிக்கொள்வதே நல்லது. நெரிசலில் பத்து நிமிஷம் நகராமல் நிற்க நேர்ந்தால் யந்திரத்தை அணைத்துவிடுங்கள். வண்டி நகராதபோது தகடுகளுக்குக் காற்று இல்லை. மே மாதத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்றரை வரை நிழலில் தங்குவது வண்டிக்கு மட்டுமன்று, ஓட்டுகிறவருக்கும் நல்லது. ஓட்டுகிறவரின் மூளையும் கொதிக்கும். அதற்கு அளவுகோல் கிடையாது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் விற்பனைக்கு வந்த புதிய வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணுக் கருவியே உண்டு. அவற்றில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதை மதித்து நிறுத்துங்கள். நீரால் குளிரும் யந்திரமானால், சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் திரவம், 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடு முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு, திரவத்தின் அளவு, விசிறியின் ஃபியூஸ், ரேடியேட்டர் இடுக்குகளில் ஒட்டிய பூச்சிகளும் மண்ணும் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். அவசரத்துக்குச் சுத்தமான நீரை ஊற்றலாம். ஊர் சேர்ந்ததும் உரிய திரவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வழியில் உதவி கேட்க நான்கு வாக்கியங்கள் தெரிந்திருந்தால் நல்லது. வண்டி சூடேறிவிட்டது என்பதை மராத்தியர்களிடம் ‘காடி கரம் ஜாலீ ஆஹே’ என்றும், இந்தி பேசுவோரிடம் ‘காடி கரம் ஹோ கயீ ஹை’ என்றும், கன்னடத்தில் ‘காடி பிஸியாகிதெ’ என்றும், தெலுங்கில் ‘பண்டி வேடெக்கிந்தி’ என்றும் சொல்லலாம். பிளக், ஆயில், செயின், பிரேக் ஆகியவற்றுக்கு எந்த மாநிலத்திலும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. பயணத் திட்டத்தில் ஒரு முழு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். அந்த நாள் இல்லாதபோதுதான், ‘இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர்தானே’ என்ற எண்ணம் தலையெடுக்கிறது. வண்டியை வழியில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவதில் அவமானம் ஏதுமில்லை. ஊரில் நமக்காக வாசல் தெளித்துக் காத்திருப்பவர்கள், நாம் எதில் வந்தோம் என்று பார்ப்பதில்லை. வந்தோமா என்றுதான் பார்க்கிறார்கள்.